தீப்பெட்டி விண்கலமும் புஜ்ஜியும்: ஹைதராபாத்தில் அன்றும் இன்றும்

1991 ஜூலையில் ‘ஆதித்யா 369’ வெளியானபோது தெலுங்குத் திரைக்கு ஒரு கால இயந்திரம் வந்து சேர்ந்தது. இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். தமிழ் ரசிகர்களுக்கு ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ வழியாக நன்கு தெரிந்தவர். இசை இளையராஜா. ஒரு விஞ்ஞானி உருவாக்கிய இயந்திரத்தில் பாலகிருஷ்ணா ஏறினார். அது 1526ஆம் ஆண்டின் விஜயநகரத்துக்குப் போய், அங்கிருந்து 2504ஆம் ஆண்டுக்குத் தாவியது. படம் தமிழில் ‘அபூர்வ சக்தி 369’ என்ற பெயரில் மொழிமாற்றமாகியும் வந்தது. ஹைதராபாத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் படம் வெறும் பொழுதுபோக்காக நிற்கவில்லை. பார்த்துவிட்டு வந்தவுடன் அந்த இயந்திரத்தைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற வேகத்தைக் கிளப்பியது.

எதில் செய்வது என்பதுதான் கேள்வி. தீப்பெட்டி, செருப்புப் பெட்டி அட்டை, டிவி வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோல், தீர்ந்துபோன ரீஃபில், பவுடர் டப்பா மூடி, சைக்கிள் கடைக்காரர் தூக்கி எறிந்த பால்ரஸ் குண்டு, வீட்டில் காய்ச்சிய மைதா பசை. இவைதான் எங்கள் தலைமுறையின் மூலப்பொருள். சிகந்தராபாத் தமிழ் வீடுகளில் தீபாவளிக்கு வாங்கிய வெடிப்பெட்டி அட்டையும் இந்தப் பட்டியலில் உண்டு. தெர்மாகோலை பிளேடால் அறுத்தால் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். மைதா பசை காய்வதற்குள் இறக்கை சரிந்துவிடும். ஆனாலும் மாலைக்குள் ஏதோ ஒன்று எழுந்து நிற்கும்.

அன்றைய முக்கியமான குறை வேறு: பார்த்துச் செய்யப் படம் கையில் இல்லை. தியேட்டரில் ஒருமுறை பார்த்ததுதான். வாடகை வீடியோ கேசட்டை நிறுத்தினால் திரையில் கோடு ஓடும். கதவு எந்தப் பக்கம் திறந்தது, விளக்கு எத்தனை எரிந்தது என்பதெல்லாம் நினைவிலிருந்து எடுக்க வேண்டியவை. ஒரே தெருவில் நான்கு பேர் செய்தால் நான்கு விதமாக இருக்கும். எது சரி என்று சொல்ல யாராலும் முடியாது. அந்தக் குறையே ஒரு கொடையாகவும் இருந்தது. மறந்த இடத்தை ஒவ்வொருவரும் தன் கற்பனையால் நிரப்பினார்கள்.

அன்று: கடையில் இருந்தது

ஹைதராபாத்தில் பொம்மை என்றால் நுமாயிஷ். 1938இல் தொடங்கிய அகில இந்தியத் தொழிற் பொருட்காட்சி, நாம்பள்ளி மைதானத்தில் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒன்றரை மாதம் நடக்கும். அது முடிந்தால் பேகம் பஜாரின் மொத்த வியாபாரக் கடைகள். அங்கே கிடைத்த பிளாஸ்டிக் பில்டிங் பிளாக்ஸ் மலிவு. ஆனால் ஒரு கட்டை இறுகப் பிடிக்கும், அடுத்தது தொளதொளக்கும். ஐந்தாறு வரிசைக்கு மேல் ஏற்றினால் சுவர் வளைந்துவிடும். இரும்புத் தகடும் நட்டு போல்ட்டும் கொண்ட ‘மெக்கானிக்ஸ்’ பெட்டி இன்னொரு வழி. லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற மெக்கானோவைப் போன்ற இந்தியப் பொம்மை அது. கிரேன், லாரி, பாலம் எல்லாம் வரும். வளைந்த உடல் கொண்ட விண்கலம் வராது.

லெகோ இருந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ உள்ள வீட்டில் இருந்தது. ஹைதராபாத்துக்கும் வளைகுடாவுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் வரும், அபூர்வமாக ஒரு லெகோ பெட்டியும் வரும். அந்த வீட்டுப் பிள்ளை அதைத் திறந்து, சிறு புத்தகத்தில் போட்டபடி கட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்துவிடும். பிரித்தால் துண்டு தொலையும் என்று பெரியவர்கள் தொட விடமாட்டார்கள். பிரித்துப் பிரித்துக் கட்டுவதற்கென்றே பிறந்த பொருள் இங்கே காட்சிப் பொருளாக உறைந்துபோனது.

கனவுக்கு மட்டும் அன்றும் பஞ்சமில்லை. 1985 செப்டம்பரில் நௌபத் பஹாட் குன்றின் மேல் பிர்லா கோளரங்கத்தை என்.டி.ராமாராவ் திறந்துவைத்தார். பள்ளிச் சுற்றுலா என்றால் அங்கேதான். குவிமாடத்துக்குள் சனியின் வளையத்தை அண்ணாந்து பார்த்த பிள்ளை வீட்டுக்கு வந்து பென்சிலால் விண்கலம் வரைந்தது. வரைந்ததை உருவாக்கக் கைக்கு ஒழுங்கான பொருள் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அந்தக் கட்டையின் சிறப்பு

டென்மார்க்கின் பில்லுண்டு கிராமத்தில் 1932இல் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் மரப்பொம்மை செய்யத் தொடங்கியதிலிருந்து வருவது லெகோ. மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற இன்றைய அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை விண்ணப்பம் பதிவானது. அன்று வார்த்த கட்டையும் இன்று வார்த்த கட்டையும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். ஒரு குமிழுக்கும் அடுத்ததற்கும் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. மெல்லிய பிளேட்டின் உயரம் 3.2. ஆக, மூன்று பிளேட் ஒரு கட்டை. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்தக் கடைசிக் கணக்கு ஒரு பெரிய கதவைத் திறக்கிறது. கட்டையைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாலும் மற்றவற்றோடு அளவு ஒத்துப்போகும். குமிழ் மேல்நோக்கியே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அத்தோடு போய்விட்டது. விண்கலத்தின் வழவழப்பான பக்கச் சுவர் சாத்தியமானது.

இரண்டுக்கு நான்கு குமிழ் கொண்ட கட்டைகள் இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். ஆறு கட்டை இருந்தால் 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம் என்று டென்மார்க் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டார். எங்கள் தெருவில் நான்கு இயந்திரம் நான்கு விதமாக நின்றதே, அதே சுதந்திரம் இங்கே உறுதியான பிடிப்போடு கிடைக்கிறது.

அறிவியல் புனைவுப் படங்களும் பொம்மையும் சேர்ந்த கதையில் ஒரு சுற்று முழுமையாவதைப் பார்க்கலாம். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு விண்கலம் செய்த கலைஞர்கள் கடையில் விற்ற பீரங்கி வண்டி, விமானம் ஆகியவற்றின் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளை வாங்கிப் பிரித்து, அந்தத் துண்டுகளை விண்கலத்தின் உடம்பெங்கும் ஒட்டினார்கள். மில்லேனியம் ஃபால்கனின் கரடுமுரடான தோல் அப்படி வந்தது. பொம்மைத் துண்டுகளிலிருந்து படம் பிறந்தது. 1999இல் லெகோ முதல்முறையாக வெளி உரிமம் பெற்று ஸ்டார் வார்ஸ் பெட்டிகளை வெளியிட்டபோது, படத்திலிருந்து பொம்மை பிறந்தது. 2017இல் வந்த பெரிய மில்லேனியம் ஃபால்கனில் 7,541 துண்டுகள். ரசிகர்களின் வேலை இதற்கும் அப்பால். நிறுவனம் விற்காத ஒன்றை, தன் கையிலுள்ள உதிரிகளால், தானே வடிவமைத்துக் கட்டுவது. அதைத்தான் அவர்கள் ‘மோக்’ என்கிறார்கள்.

இன்று: அளவு கைக்கு வந்தது

இன்றைய ஹைதராபாத் ரசிகருக்கு நினைவை மட்டும் நம்ப வேண்டிய அவசியமில்லை. படத்தைக் கைபேசியில் நிறுத்தி, பெரிதாக்கி, பக்கவாட்டுத் தோற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். 2003 ஜூலையில் பிரசாத்ஸ் ஐமேக்ஸ் திறந்ததிலிருந்து பெரிய திரையில் விண்வெளிப் படம் பார்ப்பது இந்த ஊரின் பழக்கமாகிவிட்டது. 2025 பிப்ரவரியில் ‘இன்டர்ஸ்டெல்லார்’ மறுவெளியீடு கண்டது. ஏப்ரலில் ‘ஆதித்யா 369’ புதுப்பித்த அச்சில் திரும்ப வந்தது. 1991இல் அதை ஒருமுறை பார்த்து நினைவில் தேக்கியவர்கள் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தது. விட்டுப்போன விவரங்களை இப்போது அவர்களால் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

கட்டுமுன் கணினியில் கட்டிப் பார்க்கும் வசதிதான் மிகப் பெரிய மாற்றம். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெசிமன் 1995இல் எழுதிய எல்டிரா இதற்கு முன்னோடி. ஒரு ரசிகர் மற்ற ரசிகர்களுக்காக எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. இன்று பலரும் பயன்படுத்தும் பிரிக்லிங்க் ஸ்டுடியோவும் இலவசம்தான். கையில் ஒரு கட்டைகூட இல்லாத மாணவர் லட்சம் கட்டை கொண்ட விண்கலத்தைத் திரையில் எழுப்பலாம். எந்தத் துண்டு எத்தனை வேண்டும் என்ற பட்டியலும் தானே வந்துவிடும். மைதா பசை காயக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தவறான இறக்கையைக் கழற்ற ஒரு சொடுக்கு போதும்.

அனுபவம் பகிரப்படுவது இரண்டாவது மாற்றம். சதுரக் கட்டைகளில் உருண்டை கட்டுவது எப்படி? 2002இல் புரூஸ் லோவெல் என்ற அமெரிக்க ரசிகர் வழி கண்டார். ஆறு பக்கமும் குமிழ் நீட்டிய ஒரு உட்கருவைச் செய்து, அதைச் சுற்றி ஆறு வளைந்த பலகைகளைப் பொருத்தினார். ‘லோவெல் கோளம்’ என்று அவர் பெயராலேயே இன்று உலகெங்கும் கட்டுகிறார்கள். யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்துக் கண்டுபிடித்ததை மறுநாள் மியாப்பூரில் ஒரு பள்ளிப் பிள்ளை கற்றுக்கொள்ளலாம். அன்று எங்கள் தெருவின் கண்டுபிடிப்பு எங்கள் தெருவைத் தாண்டியதில்லை.

ரசிகரின் கைவேலை கடைக்கே போகும் பாதையும் உண்டாகிவிட்டது. 2008இல் ஜப்பானில் ‘கூசோ’ என்ற பெயரில் தொடங்கி, 2014இல் ‘லெகோ ஐடியாஸ்’ ஆன திட்டத்தில் ரசிகர் தன் வடிவமைப்பைச் சமர்ப்பிக்கலாம். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் பரிசீலிக்கும். விற்பனைக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 சதவீதம் அவருக்கு. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தின் டெலோரியன் கார் 2013இல் இப்படித்தான் வந்தது. ‘வால்-ஈ’ ரோபோ 2015இல் வந்தது. அதை வடிவமைத்த ஆங்கஸ் மெக்லேன் அந்தப் படத்திலேயே பணிபுரிந்த பிக்ஸார் கலைஞர். முதலில் வெளியான பெட்டியில் ரோபோவின் கழுத்து பாரம் தாங்காமல் தொங்கியது. நிறுவனம் அந்தப் பகுதியை மாற்றி வெளியிட்டது. படத்தில் வேலை செய்தவருடைய வடிவமைப்பும் கட்டையின் எடைக்கும் பிடிப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நம் ஊர் வண்டி

இதுவரை சொன்ன படங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கனவுகள். 2024 மே 22 அன்று ராமோஜி திரைப்பட நகரில் அந்த நிலை மாறியது. நாக் அஸ்வின் இயக்கிய ‘கல்கி 2898 ஏடி’ படத்துக்காக உருவான புஜ்ஜி என்ற வண்டியைப் பிரபாஸ் ஓட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். திரைக்கு மட்டும் செய்த பொய்க்கூடு அல்ல அது, ஓடும் மின்வண்டி. செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையமும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் அதற்குக் கைகொடுத்தன. எடை ஏறத்தாழ 6 டன். படத்தில் அதன் குரல் கீர்த்தி சுரேஷ். ஹைதராபாத்தின் கனவைத் தமிழ்நாட்டுப் பொறியாளர்களின் கைகள் தரையில் ஓட வைத்தன. சிங்கீதம் இந்தப் படத்துக்கும் ஆலோசகராக இருந்தார் என்பது 1991க்கும் 2024க்கும் இடையே ஓடும் நேர் கோடு.

புஜ்ஜியின் அளவுகள் வெளியிடப்பட்டன: நீளம் 6,075 மில்லிமீட்டர், அகலம் 3,380, உயரம் 2,186, முன்சக்கர ரிம் 34.5 அங்குலம். ரசிகருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. வண்டி கட்டுகிறவர்கள் முதலில் சக்கரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். உடலை எந்த அளவிலும் கட்டலாம். சக்கரம் சில அளவுகளில் மட்டுமே கிடைக்கும். 30.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம் லெகோவில் உண்டு. 34.5 அங்குலத்தை அதால் வகுத்தால் ஏறத்தாழ 29, அதாவது உண்மை வண்டியில் 29இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் புஜ்ஜி 26 குமிழ் நீளம், ஏறக்குறைய 15 குமிழ் அகலம், 8 கட்டை உயரம். ஒரு பிள்ளையின் இரு கைக்குள் அடங்கும் வண்டி.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. 15 ஒற்றைப்படை எண். இரட்டைப்படைக் கட்டைகளோடு நடுக்கோடு பொருந்தாது. நடுவில் ஒரே குமிழ் கொண்ட ‘ஜம்பர்’ பிளேட்டால் அரைக் குமிழ் தள்ளிவைத்துச் சரிசெய்ய வேண்டும். பின்னால் இருப்பது உருண்டைச் சக்கரம்; லோவெல் கண்ட வழியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். முன்சக்கரங்களின் பாரம் ஒல்லியான கைகளில் தொங்கும்; உள்ளே லெகோவின் ‘டெக்னிக்’ வகைத் தண்டு கோத்தால்தான் வளையாமல் நிற்கும். கணிதம், வடிவியல், பொருளின் வலிமை ஆகிய மூன்றும் ஒரே மேசையில் பாடமாகின்றன. பாடம் என்று யாரும் சொல்லாமலே பிள்ளை கற்றுக்கொள்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று ‘எந்திரன்’. 2010இல் வந்த அந்தப் படத்தின் உச்சக்காட்சியில் நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு பந்தாகவும், சுவராகவும், பாம்பாகவும், பேருருவமாகவும் மாறின. ஒரே மாதிரியான அலகுகளைச் சேர்த்து எதையும் ஆக்கலாம் என்ற கட்டை விளையாட்டின் தத்துவமே அந்தக் காட்சி. கட்டிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான காட்சி உலக சினிமாவிலேயே குறைவு. ‘அந்தரிக்ஷம் 9000 கேஎம்பிஎச்’, ‘டிக் டிக் டிக்’, ‘அயலான்’ ஆகியவற்றிலும் கட்டத்தக்க கலங்கள் இருக்கின்றன.

மாறாத தடைகளும் புதுத் தடைகளும்

விலை இன்னும் குறையவில்லை. 2001க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து சீனப் பொம்மைகள் பேகம் பஜாரை நிரப்பின. பிறகு காற்று திசை மாறியது. 2020 பிப்ரவரியில் பொம்மைகளின் சுங்கவரி 20இலிருந்து 60 சதவீதமானது; 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பாதுகாப்பற்ற பொம்மைகளைத் தடுத்ததும் உள்நாட்டு உற்பத்தியாளருக்கு மூச்சுவிட இடம் கொடுத்ததும் நல்லவையே. ஆனால் வெளிநாட்டு விற்பனையாளரிடம் குறிப்பிட்ட நிறத்தில் நாற்பது சாய்வுக் கட்டை மட்டும் வாங்க நினைக்கும் ரசிகருக்கு, அஞ்சல் செலவும் வரியும் கட்டையின் விலையைத் தாண்டிவிடுகின்றன. இந்தியாவின் முதல் சான்றுபெற்ற லெகோ கடை குருகிராமில் திறந்ததே 2025இல்தான்.

திருட்டு இன்னொரு தடை. சீனாவின் லெபின் நிறுவனம் லெகோ பெட்டிகளை அப்படியே நகலெடுத்தது. ரசிகர்கள் வடிவமைத்த மாதிரிகளையும் கேட்காமல் பெட்டி போட்டு விற்றது. 2019இல் ஷாங்காய் போலீசார் அதன் கிடங்குகளைச் சோதனையிட்டார்கள். அடுத்த ஆண்டு முக்கியக் குற்றவாளிக்கு நீதிமன்றம் 6 ஆண்டு சிறை விதித்தது. பிற நிறுவனங்களின் பொருந்தும் கட்டைகளை வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆனால் யாரோ ஒரு ரசிகரின் உழைப்பைப் பெயர் சொல்லாமல் விற்கும் பெட்டியை வாங்குவது, அடுத்த வடிவமைப்பாளரை எழும்புமுன்பே தட்டி உட்காரவைப்பதாகும்.

மூன்றாவது தடை நம் வீட்டுக்குள் இருக்கிறது. கண்ணாடி அலமாரிப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய பெட்டியைப் புத்தகப்படி கட்டி, படம் எடுத்து, அலமாரியில் வைத்துவிடுகிறோம். அன்று வறுமை கற்றுக்கொடுத்த கற்பனையை இன்று வசதி மறக்கடித்தால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

இந்த ஊரின் இயல்பு

ஹைதராபாத்துக்குக் கையால் செய்து பார்க்கும் குணம் எப்போதும் உண்டு. பகதூர்புராவில் 2010இல் திறந்த சுதா கார் அருங்காட்சியகத்தில் கே.சுதாகர் பழைய இரும்பிலிருந்து செய்த கத்தரிக்காய் கார், ஷூ கார், கேமரா கார் எல்லாம் நிற்கின்றன, எல்லாமே ஓடும். 2005இல் அவர் செய்த 12.67 மீட்டர் உயர மூன்று சக்கர சைக்கிள் கின்னஸ் சாதனை. 2013 முதல் ஹைதராபாத் காமிக் கான் புனைவு ரசிகர்களை ஒரு கூரைக்குக் கீழே சேர்க்கிறது. 2023 மார்ச்சில் ராயதுர்கத்தில் திறந்த டி-ஒர்க்ஸ், 78,000 சதுர அடியில், யோசனையை உருவமாக்க இயந்திரங்களோடு காத்திருக்கிறது. இங்கே தொடங்கிய ஸ்கைரூட் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் 2022 நவம்பரில் பறந்தது. இந்தியாவின் முதல் தனியார் ராக்கெட் அதுதான். கோளரங்கத்தில் அண்ணாந்து பார்த்த ஊர், இன்று மேலே அனுப்புகிறது.

அன்றா, இன்றா என்று கேட்டால் தயங்காமல் இன்று என்பேன். அளவு, பிடிப்பு, பகிர்வு, சொந்தக் கனவு ஆகிய நான்கும் இன்றுதான் ஒரே பிள்ளையின் கைக்கு எட்டியிருக்கின்றன. அன்றிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: இருப்பதை வைத்துத் தொடங்கிவிடும் துணிவு. தீப்பெட்டியில் விண்கலம் செய்யத் தெரிந்த கைக்கு லெகோ கிடைத்தால் அது பாக்கியம். புத்தகத்தை மட்டும் பார்த்துக் கட்டிய கைக்கு, புத்தகம் முடிந்ததும் வேலை முடிந்துவிடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பிறந்தநாளுக்குப் படம் போட்ட பெட்டி வாங்கினால், அதோடு படமில்லாத கலவைக் கட்டைப் பெட்டி ஒன்றும் வாங்குங்கள். முதலாவதைக் கட்டி முடித்த மாதத்திலேயே பிரிக்கச் சொல்லுங்கள். விலை எட்டாதவர்கள் இலவச மென்பொருளில் தொடங்கலாம். பள்ளிக் கணினி அறையில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க ஆசிரியர்கள் முன்வரலாம்.

திரைப்படக்காரர்களுக்கும் ஒன்று. புஜ்ஜிக்குச் செய்ததுபோல உங்கள் படத்தின் வண்டி, கலம், ரோபோ ஒவ்வொன்றின் அளவையும் நான்கு பக்கத் தோற்றத்தையும் வெளியிடுங்கள். விளம்பரத்துக்குச் செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அளவைக் கொடுத்தால் போதும், கட்டுவதற்கு ஹைதராபாத்திலும் தமிழ்நாட்டிலும் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.